தூத்துக்குடியில் ஒரு கணப்படுப்பு

வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிய பழைய பங்களாவை வாங்கினோம். கூடத்துச் சுவரில் கணப்படுப்பு இருந்தது. தூத்துக்குடி வெயிலில் யார் குளிர்காயப்போகிறார்கள்? இடிக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் பேசியிருந்தேன்.

அதற்குள் வெள்ளம் வந்தது. தெருவிலேயே எங்கள் வீடுதான் மேடு. பக்கத்து வீட்டுப் பெண் பச்சைக் குழந்தையோடு நனைந்து வந்தாள். கரண்ட் இல்லை, கேஸும் தீர்ந்திருந்தது.

"ஏளா, பிள்ளைய இங்கன கொண்டா" என்ற என் மனைவி, கழற்றி வைத்திருந்த பழைய ஜன்னல் பலகைகளைக் கணப்படுப்பில் பற்றவைத்தாள். கூடமெல்லாம் புகையப்போகிறது என்று முனகினேன். புகை நேராக மேலே போனது. குழந்தையின் நடுக்கம் மெல்ல அடங்கியது.

தண்ணீர் வடிந்ததும் கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். "இடிச்சிரலாமா, அண்ணாச்சி?"

"புகைக்கூண்ட மட்டும் சுத்தம் பண்ணுங்க" என்றேன்.

அந்த வெள்ளைக்காரர் தன் ஊர் ஏக்கத்தில்தான் அதைக் கட்டியிருப்பார். எனக்கு இன்றும் அது கிறுக்குத்தனமாகத்தான் படுகிறது. ஆனாலும் ஐப்பசி பிறந்தால், அதன் பக்கத்தில் காய்ந்த விறகு அடுக்கிவிடுகிறேன்.