உத்தமன் பீடியை விட்டு மவுத் ஆர்கன் பிடித்த கதை

ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த உத்தமனுக்கு நாற்பது வயது வரை எந்தக் கலையும் தெரியாது. அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. வெள்ளானூரில் அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார். மகன் அரசாங்கத்து லேத்தில் இரும்பு கடைந்தார். கடைசல் முடிந்தால் பீடி, பீடி முடிந்தால் கடைசல் என்று வாழ்க்கை சீராகப் போய்க்கொண்டிருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் அந்தச் சீரை ஒரு எக்ஸ்ரே கெடுத்தது. நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இதுல நுரையீரல் எது, புகை எது?" என்று உத்தமனையே கேட்டார். மனைவி பார்வதம் அன்றைக்கே அவரைத் திருவேற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், அம்மன் எதிரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"இனிமே பீடியத் தொட்டீனா, நான் பூந்தமல்லிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன். நீயும் பீடியும் குடித்தனம் பண்ணுங்க."

பீடியை விடுவதுகூடப் பெரிதில்லை. காலியாகிப்போன வாயை என்ன செய்வது என்பதுதான் உத்தமனுக்குப் புரியவில்லை. சோம்பு மென்றார். பல்குச்சி கடித்தார். பார்வதத்தின் சமையலில் குற்றம் சொல்லிப் பார்த்தார். அது பீடியைவிட ஆபத்தாக முடிந்தது. கடைசியில் பூந்தமல்லி பஜாரில் ஒரு பேன்சி கடைக் கண்ணாடிக்குள் பளபளவென்று ஒரு மவுத் ஆர்கன் கண்ணில் பட்டது. வாய்க்கு வேலை, கைக்கும் வேலை. வாங்கிவிட்டார்.

ஊதுகிற வாத்தியம்தானே என்று ஊதினார். ஓட்டை ஒன்று விட்டு ஒன்று பேசியது. நடுவில் இருந்தவை ஊமை. துடைப்பக்குச்சியால் குத்திப் பார்த்தார், தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார், கடைக்கே தூக்கிக்கொண்டும் போனார். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"புதுசுல அப்டித்தான் சார். செருப்பு மாதிரி. போகப் போகச் சரியாயிரும்."

மூச்சை உள்ளே இழுத்தால்தான் அந்த ஊமை ஓட்டைகள் பேசும் என்பது உத்தமனுக்குத் தெரியாது. மூச்சு வாங்க வேண்டுமானால் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, மரியாதையாக மூக்கால் வாங்கிக்கொள்வார். இழுக்கிற பழக்கத்தைத்தான் அம்மன் எதிரில் விட்டாயிற்றே!

ஆகவே அவர் பழகிய ஒரே பாட்டு, ஒரு சோக சினிமாப் பாட்டு, பல் போனவர் பேச்சு மாதிரி வந்தது. மாடி வீட்டுக் கஜபதிக்கு ராத்திரி ஷிப்ட். போகுமுன் சாயங்காலம் ஒரு தூக்கம் போடுவார். கீழே பாட்டு கிளம்பும். பாதியில் ஓர் இடத்தில் நிற்கும். விட்டுப்போன சுரத்தைக் கஜபதிதான் படுத்தபடியே மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் தூக்கம் வராது. போட்டாலும் வராது.

குவார்ட்டர்ஸ் நலச் சங்கச் செயலாளர் பக்தவத்சலத்திடம் கஜபதி முறையிட்டார். பக்தவத்சலம் கொள்கைக்காரர், குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு, வெயிலில் நின்றவர்களை விடாமல் புகையிலையின் தீமைகளைப் பற்றிப் பேசியவர். ஆனால் அவர் குடியிருந்ததும் உத்தமனுக்குப் பக்கத்து வீட்டில். எனவே கொள்கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வதம் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, கஜபதியோடு உத்தமன் வீட்டுக்குள் நுழைந்தார். கஜபதி சட்டைப்பையிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஆளே எளச்சிப் பூட்ட! ஒண்ணு பத்த வச்சிக்கோ."

"ஐயோ, வேணாம் மாமே. கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிக்கீறேன்."

"அது திருவேற்காட்ல. இது ஆவடி."

"டாக்டரு வேற..."

"டாக்டர் சொல்றது ரொம்பச் சரி," என்றார் பக்தவத்சலம். "ஆனா எதையும் சட்டுனு நிறுத்தக் கூடாது பாருங்க, உடம்பு அதிர்ந்து போயிடும். நாலு குடும்பம் நிம்மதியா இருக்கணும்னா ஒருத்தர் கொஞ்சம் பிடிக்கலாம். தப்பில்லே."

உத்தமன் மவுத் ஆர்கனை இடது கைக்கு மாற்றினார். தீக்குச்சியைக் கஜபதியே கிழித்தார். ஒரே இழுப்பு, நெஞ்சு நிறைய. உடனே இருமல் பிடுங்கியது, கண்ணில் நீர் முட்டியது, நீருக்குள் பார்வதம் பெட்டியோடு பஸ் ஏறுவது தெரிந்தது. பீடியை ஜன்னல் வழியே வீசிவிட்டு, வாயை அடைக்கிற அவசரத்தில் மவுத் ஆர்கனைக் கவ்விக்கொண்டார். வாய்க்கு இன்னும் பீடி ஞாபகம். இழுத்தது.

ஊமை ஓட்டை பேசியது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்தமன் அடுத்த ஊமை ஓட்டையை இழுத்தார். அதுவும் பேசியது.

"மாமே! இது ஊத மட்டும் இல்ல மாமே, இழுக்கவும்தான்!"

சொல்லிவிட்டு, பாட்டை ஒரு சுரம் விடாமல், பல்லவி, இரண்டு சரணம் எல்லாமாக வாசித்தார். கஜபதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாதிப் பாட்டுக்கே தூக்கம் பூடுச்சி. நாமளே வந்து முழுசாக் குடுத்துட்டுப் போறோமே சார்!"

அப்போதுதான் காய்கறிப் பையோடு பார்வதம் வந்தாள். வாசலிலேயே மூக்கு விடைத்தது. புருஷன் வாயை அவள் முகரவில்லை. கையிலிருந்த மவுத் ஆர்கனைப் பிடுங்கி முகர்ந்தாள். உத்தமன் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. ஆனால் இசை கைவந்த சந்தோஷத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

"ஏன் கஜபதிண்ணே, இதுக்குத்தான் மாடிலேந்து எறங்கி வந்தியா? இரு. ஏ பேபி! பேபி!"

கஜபதியின் மனைவி பேபி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோடி. இந்த மனுசன் இன்னொரு பீடி புடிச்சா நான் பூந்தமல்லிக்குப் பூடுவேன். மூணு வேளையும் இவருக்கு உன் ஊட்லதான் சோறு. பீடி வாங்கித் தர்றவரு சோறும் போடட்டும். ராவுல பாய் போட எடம் செகரெட்டரி சாரு தருவாரு. கெட்டிச் சட்னி இல்லாம இவருக்கு இட்லி எறங்காது, இப்பவே சொல்லிட்டேன்."

பேபி தன் புருஷனைப் பார்த்த பார்வையில் எந்தச் சட்னியும் கெட்டியாகியிருக்கும். பக்தவத்சலத்துக்குச் சங்க வேலை ஒன்று திடீரென்று ஞாபகம் வந்தது.

அதன் பிறகு உத்தமன் பீடியைத் தொடவில்லை. வாசிப்பு தேறியது என்றும் சொல்ல முடியாது; ஓய்வுபெறும் வரை அதே பாட்டு, வருஷத்துக்கு வருஷம் சோகம் கூடிக்கொண்டே போயிற்று. யாரும் தொந்தரவு என்று வாய் திறக்கவில்லை. கஜபதிக்கும் இப்போது பாட்டால் தூக்கம் கெடுவதில்லை. பாட்டு நின்றால்தான் கெடும். கீழே கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் போதும், திடுக்கிட்டு எழுந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்குவார்.

"அண்ணாத்தே! இன்னா சத்தத்தையே காணோம்? வாயில இன்னா வச்சிக்கீற? பதில்லாம் சொல்லாத... வாசி!"