பதினான்காம் எண் பெட்டி

அப்பாவின் காரியம் முடித்து நான் வேலைக்குத் திரும்பியபோது ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் ரயிலேறி, விழுப்புரத்தில் இறங்கி, ஆபீசுக்குப் போனேன். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. யாராவது தட்டில் போட்டால் சாப்பிட்டேன்.

நெட்வொர்க்கில் எந்தெந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று தேடும் ஸ்கிரிப்ட் ஒன்றை முன்பே எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதன் எண்ணைக் கொண்டு கூப்பிடும்; பதில் வந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் இல்லை. எண்ணுக்கு நேரே ஆள் பெயரைச் சேர்த்து, காலை ஒன்பது மணிக்கு அதையே வருகைப் பதிவாக்கச் சொன்னார் மேனேஜர், நான் திரும்பி வந்ததும். செய்து கொடுத்தேன்.

பதினான்காம் எண் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை. அது கண்டமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பில்லிங் அக்காவுடையது. முதல் மெமோ கையில் கிடைத்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, எட்டரைக்கே வந்து சிஸ்டம் போட்டுக்கினு உக்காந்திருக்கேன். ஆப்சென்ட்னு வருதே, என்னா பேஜாரு இது?"

"பாக்குறேன்க்கா."

மரக்கட்டை மாதிரி உட்கார்ந்து பார்க்கவும் செய்தேன். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை கூப்பிடவைத்தேன். எழுந்துபோய் அவர் மேசையைப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. பதினோரு மணிக்கு வரும் மேனேஜர் தினமும் ஒன்பதுக்கே வந்துவிட்டதாக லிஸ்ட் சொன்னது. அவரும் மறுக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மூன்றாவது மெமோவோடு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவருடைய கம்ப்யூட்டரைக் கழற்றப் போனேன். பெட்டியின் எண் ஸ்டிக்கர் மேல் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். நகத்தால் சுரண்டினேன். ஒன்று என்றிருந்தது. அது மேனேஜரின் எண். பதினான்காம் எண் பெட்டி மேனேஜர் மேசைக்கடியில் கிடந்தது.

பக்கத்து சீட்டில் விசாரித்தேன். பூஜைக்கு எல்லாப் பெட்டிகளையும் ஹாலில் வரிசையாக வைத்துப் பொட்டிட்டு, மறுநாள் கைக்கு வந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். வேலையெல்லாம் சர்வரில் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தீட்டில் வீட்டிலிருந்த என்னிடம் யாரும் சொல்லவுமில்லை. சந்தனம் வைத்ததே அக்காதானாம். சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் அந்த வேலையை வருஷா வருஷம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"அந்த ஸ்கிரிப்ட்டை இன்னியோட நிறுத்திடு" என்றார்.

"அக்கா, சார்?"

"ஆர்டர் போயிடுச்சுப்பா."

சாயங்காலம் திண்டிவனம் பிளாட்பாரத்தில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, எழுந்து வந்து பார்க்காதது என் தப்பு என்றேன்.

"சரி தம்பி, வுடு. நானே கேக்கணும்னு இருந்தேன். அப்பா காரியம் நல்லபடியா முடிஞ்சுதா? வேளைக்குச் சாப்புடுறியா?"

ஆபீசில் அதுவரை யாரும் கேட்காதது. முடிஞ்சுதுக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. டீ விற்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். அக்கா போனை வைக்காமல் அந்தப் பக்கம் இருந்தார்.