பொட்டாசுச் சாக்கு

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒருவர் முட்டைக்கோவா நிரப்பிய உரச்சாக்கை என் காலருகே இறக்கினார். காலை இழுத்துக்கொண்டேன். அழுக்கு படும் என்று ஒதுங்குகிறாள் என நினைத்திருப்பார். எனக்கிருந்தது பழைய சந்தேகம்.

படிப்பு முடிந்த கையோடு ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறை ஆய்வகத்தில் சேர்ந்தேன். மிக அரிதாகச் சிதையும் ஓர் அணுவின் சமிக்ஞைக்காகக் காத்திருப்பதுதான் வேலை. சுவர், காற்று, நம் உடம்பு எல்லாமே கதிர் விட்டுக் குறுக்கே சத்தம் போடும். அதைக் குறைக்கக் கருவியைச் சுற்றி ஈயம் அடுக்குவோம். புது ஈயமும் சத்தம் போடும். மிகப் பழையதுதான் அடங்கிக் கிடக்கும்.

பழைய ஈயம் என்றதும் றொசல்லப் பக்கத்து எங்கள் தோட்டத் தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள் ஒட்டுவார்களாம். மாடி மூலையில் சுருண்டு கிடந்த மிச்சத்தை, அங்கே இயந்திரம் பார்த்த அப்பா, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டு வாங்கித் தந்தார். அம்மா மூட்டை கட்டினார். அதைக் கருவியைச் சுற்றி அடுக்கிய பிறகு ஆய்வகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து நடந்தேன்.

இரண்டே வாரத்தில் திரையில் ஒரு மேடு எழுந்தது. பொட்டாசியம் விடும் கதிர். அது இறங்காவிட்டால் அந்த வருடத்து அளவீடு வீண். வழக்கம்போலப் பட்டியல் போட்டேன்: சீமெந்து, வியர்வை, தூசி, ரேணுகா.

ரேணுகா என்னோடு வேலையில் சேர்ந்தவள். நான்கு மணியானால் வாழைப்பழத்தைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டுவாள். வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு. மேற்பார்வையாளர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

“பழம் தின்னுட்டு கை கழுவுனியா?”

“நீயுந்தானே பாதி தின்ன? ஒன் பேரு எங்க பட்டியல்ல?”

என் பெயர் இல்லைதான். அவளைக் கருவிப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். மேடு அப்படியே நின்றது. ஒளித்து வைத்துத் தின்கிறாளோ என்று அவள் பையைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அந்த ஞாயிறு அம்மா போனில், “ஈயம் சுத்துன சாக்க தொலைச்சிறாத புள்ள. படங்குக்கு வச்சிருந்தேன்” என்றார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கு.

“என்ன சாக்கும்மா அது?”

“பொட்டாசு சாக்குதான். கழுவித்தானே குடுத்தேன்.”

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உரச்சாக்கு மழைக்குத் தலையில் இருக்கும், வாசலில் மிதியடியாகக் கிடக்கும், விறகைக் கட்டிக்கொண்டு வரும். தினம் பார்த்ததாலேயே அது பட்டியலில் ஏறவில்லை. ஈயத்தாளின் மடிப்புகளில் அந்தப் பொட்டாசியம் உரத்தின் சிவப்புத் தூள் இருந்தது. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவினோம். மேடு இறங்கியது.

மன்னிப்புக் கேட்டேன்.

“அம்மாகிட்டயும் கை கழுவுனீங்களான்னு கேட்டியா?” என்றாள் ரேணுகா. சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறிப் போனாள்.

தொழிற்சாலையில் இப்போது ஈயமும் இல்லை, பெட்டியும் இல்லை, காகிதப் பைகள்தான். நான் இன்னும் அதே நிலவறையில் இருக்கிறேன். நான்கு மணிக்குத் திரையைப் பார்க்கிறேன், கோடு சமமாக ஓடுகிறது. பாதிப் பழம் நீட்ட ஆளில்லை.