சுத்தமாக இருந்த சமையற்கட்டு

பயிற்சிக்குப் போன முதல் நாளே, அதை நடத்தியவர் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பிறகு "ஊருல எந்தத் தெரு?" என்றார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். நான் பெரம்பலூரில் இப்போது குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பிலிருந்தே அவர் மேல் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். ஒருநாள் பிணவறைப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் வந்து கேட்டார். அவருடைய தம்பி வீட்டிலேயே கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்திருந்தார். உடலை எடுத்தாகிவிட்டது, போலீஸும் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்த அறையைக் கழுவ மட்டும் யாரும் வரமாட்டேன் என்கிறார்களாம். அம்மாவே கழுவுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள், அதைத் தடுக்கத்தான் ஆள் தேடுகிறேன் என்றார். அன்றைக்கு என்னோடு வேலை பார்த்த அக்காவும் நானும் போய்ச் செய்துகொடுத்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள், இதையே ஒரு தொழிலாகச் செய்தால் என்ன என்று.

என் அம்மாவிடம் சொன்னபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உங்கப்பாவ ஊர்க்காரங்க இந்த வேலைக்குத்தான் கூப்புட்டாங்க. அதுலேருந்து உன்னய வெளிய கொண்டாரத்தான் படிக்க வச்சோம். நீ அதுக்கே கம்பெனி வக்கிறேங்குற."

வரமாட்டேன் என்று அப்பாவால் சொல்ல முடிந்ததில்லை, என்னால் சொல்ல முடியும், வித்தியாசம் அதுதான் என்றேன். அம்மாவுக்கு அது பதிலாகப் படவில்லை. யாரோ என்னை மயக்கி இதில் இறக்கிவிடுகிறார்கள் என்று அவள் கடைசி வரை நம்பினாள். இந்த வேலைக்குப் பயிற்சி தருகிறேன் என்ற அந்த ஆளைப் பார்த்த பிறகு, அம்மா சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கே தோன்றியது.

அவர் வளைகுடா நாட்டில் இந்த வேலையைப் பல வருடம் செய்தவர் என்று சொல்லிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரின் மாடியைப் பிடித்து வகுப்பு நடத்தினார். கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கிவந்து சிமெண்டுத் தரையிலும், பழைய மெத்தையிலும், கழற்றிப் போட்ட ஒரு மரக்கதவிலும் ஊற்றிக் காயவைப்பார். மறுநாள் நாங்கள் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு அதைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த ரத்தத்தைச் சுரண்டக்கூடாது, தூளாகப் பறக்கும். சுடுதண்ணீர் கூடாது, கறை பிடித்துக்கொள்ளும். கிருமிநாசினியில் நனைத்த துணியை மேலே போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும், பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். மரம் ரத்தத்தைக் குடித்துவிடும், அதை இழைக்கத்தான் வேண்டும். மெத்தையைக் காப்பாற்ற முடியாது.

அவர் சொன்னது எதிலும் தப்பில்லை. ஆனால் எதையும் அவர் தன் கையால் செய்து காட்டியதே இல்லை. நாங்கள் உள்ளே துடைக்கும்போது அவர் மாடிப்படியில் நின்றுகொண்டு அங்கிருந்தே சொல்வார். வாடை எழும்பினால் இரண்டு படி கீழே இறங்கிவிடுவார். நகமெல்லாம் அவ்வளவு சுத்தம். இந்த ஆள் இந்த வேலையைச் செய்ததே இல்லை, எங்கோ வீடியோவில் பார்த்ததைச் சொல்லித் தருகிறார் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்றது சரியா இருக்குல்ல, அப்புறம் உனக்கு என்ன என்றாள் அவள்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. "சாவு வூட்டுல அழுக்கைப் பாத்துப் பயப்படாதீங்க. எல்லாம் அழுக்கா கெடக்குறப்ப ஒரு எடம் மட்டும் சுத்தமா இருந்தா, அதைச் சந்தேகப்படுங்க."

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு நிஜ வேலை வந்திருக்கிறது என்றார். விக்கிரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். தனியாக இருந்த ஒரு பெரியவர், விவசாயி, வீட்டில் இறந்துகிடந்திருக்கிறார். கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாளாகிவிட்டது. தலையில் அடி. கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து அடக்கமும் ஆகிவிட்டது. வீடு மட்டும் அப்படியே கிடக்கிறது. போலீஸ் அனுமதி கொடுத்துவிட்டதா என்று கேட்டேன். போனில் கேட்டுவிட்டேன் என்றார். யாரிடம் என்றதற்கு, "எல்லாம் பேசியாச்சும்மா, நீங்க கெளம்புங்க" என்றார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய் அங்கிருந்து வேறு பஸ் மாறினோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் போக, பஸ் அந்தத் தூசிக்குள்ளேயே ஊர்ந்தது. இறங்கியபோது, எங்கள் கையில் இருந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் தெருவே வெளியில் வந்து நின்றது. மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருவரும் எங்களிடம் பேசவில்லை.

வாசலில் பெரியவரின் மகனும் மகளும் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள். மகன் திருப்பூரிலிருந்து வந்தவர். மகள் அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர், அப்பாவை முதலில் பார்த்தது அவர்தான். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் உடுப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மகன் பக்கத்தில் வந்து, உள்ளே எது கிடைத்தாலும் தன் கையில்தான் கொடுக்கவேண்டும், அம்மாவின் நகை ஒன்று இன்னும் வரவேண்டியிருக்கிறது என்றார். சொல்லும்போது தங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் நகர்ந்ததும் மகள் வந்தார்.

"தங்கச்சி, உள்ள எதாச்சும் பாத்தீங்கன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவருகிட்ட வேணாம்."

எதைப் பார்த்தால் என்று கேட்டேன். "எதா இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயிற்சிக்காரர் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். வீட்டுப் படியைக்கூட அவர் மிதிக்கவில்லை.

முன்னறையில் கட்டிலும் அதன் கீழே தரையும் நான் எதிர்பார்த்தபடிதான் இருந்தன. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அக்கா ஜன்னலைத் திறந்தாள், நான் பின்பக்கம் காற்று வர வழி செய்யலாமென்று சமையற்கட்டுக்குப் போனேன். அங்கே போனதும் நின்றுவிட்டேன்.

வீடு முழுக்கத் தூசி. அலமாரியில் தூசி, அரிசி டிரம்மின் மேல் தூசி. சமையற்கட்டுத் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. முகமூடிக்குள்ளேயே ஃபினாயில் வாடை ஏறியது. ஓரத்தில் ஓர் ஆட்டுக்கல் கிடந்தது. குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர் படாத இடத்தில் கறுப்பாகக் காய்ந்திருந்தது. அங்கிருந்து என் கண் பின்கதவுக்குப் போனது. கதவின் கீழ்ப்பாதியில், என் முழங்கால் உயரத்தில், ஒரு கை பதிந்த தடம். விரல் நுனிகள் தெளிவாக இருந்தன. உள்ளங்கை மட்டும் ஒரே இழுப்பில் துடைக்கப்பட்டிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நமக்கு எதுக்கு? சுத்தம் பண்ண வந்தோம், பண்ணிட்டுப் போவோம்" என்றாள். பயத்தில்தான் சொன்னாள். எனக்கும் பயம்தான். பெரியவர் கட்டிலிலிருந்து விழவில்லை, இங்கே விழுந்திருக்கிறார், அல்லது விழவைக்கப்பட்டிருக்கிறார், அதை யாரோ கழுவியிருக்கிறார்கள். மிச்சத்தைக் கழுவத்தான் எங்களை வரவழைத்திருக்கிறார்கள். என் புத்தி அப்படித்தான் போனது. இந்தப் பயிற்சியே இதற்காகத்தானோ என்றுகூட நினைத்தேன். கேள்வி கேட்க ஆளில்லாத தெருவிலிருந்து பெண்களைப் பொறுக்கி எடுத்து, இப்படி வீடுகளுக்கு அனுப்புகிறாரோ?

வெளியில் வந்து கையுறையைக் கழற்றினேன். போலீஸ் வந்து பார்க்காமல் தொடமாட்டோம் என்று சொன்னேன். மகன் கத்த ஆரம்பித்தார். பயிற்சிக்காரர் வேகமாக வந்து, முதல் வேலையையே கெடுக்கிறாயே என்று பல்லைக் கடித்தார். மகள் மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் என் சந்தேகம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

நானே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். வந்தது ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு, உனக்கு இதுல என்ன அக்கறை?" என்று கேட்டார். சுத்தம் செய்ய வந்தவள் என்றேன். என்னோடு சமையற்கட்டுக்கு வந்து ஆட்டுக்கல்லைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு வாசலுக்கு வந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட தொனியிலேயே, அவருக்கும் நான் நினைத்ததுதான் தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது.

மகள் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார்.

"நாந்தான் தொடைச்சேன் மேடம். போன் எடுக்கலைன்னு மொத பஸ்ஸுக்கு வந்தேன். எங்கிட்ட ஒரு சாவி இருக்கு, தொறந்துட்டுப் போனேன். அப்பா கட்டிலுக்குக் கீழ கெடந்தாரு. தூக்கத்துல விழுந்து அப்படியே போயிட்டாருன்னுதான் நெனைச்சேன். பின்னாடி போயிப் பாத்தா ரத்தம். கதவுல கை. தாழ்ப்பா எட்டாம தட்டிக்கிட்டே இருந்துருக்காரு. யாருக்கும் கேக்கலைன்னதும் தவழ்ந்தே கட்டில் வரைக்கும் வந்துருக்காரு. அவரு அப்படிக் கெடந்து தவிச்சாருன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கழுவிட்டேன். கையை மட்டும் முழுசாத் தொடைக்க முடியலை."

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியவந்தது. அப்பா கஷ்டப்படாமல் போனார் என்றுதான் அவரிடமும் சொல்லியிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் உடனே நம்பிவிடவில்லை. போனில் நீண்ட நேரம் யாரிடமோ பேசினார். பரிசோதனையில் சொல்லியிருந்த காயமும் ஆட்டுக்கல்லின் விளிம்பும் பொருந்துகிறதா என்று விசாரித்திருக்க வேண்டும். அன்று வேலை நடக்கவில்லை. வேறு ஆட்கள் வந்து ஆட்டுக்கல்லில் இருந்ததை எடுத்துப் போனார்கள். சில நாள் கழித்து, பக்கவாதம் தாக்கி விழுந்ததில் பட்ட காயம்தான், சந்தேகப்பட ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று சப்-இன்ஸ்பெக்டரே கூப்பிட்டுச் சொன்னார். அப்போது இன்னொன்றும் சொன்னார். பயிற்சிக்காரர் முன்பே ஸ்டேஷனில் பேசி அனுமதி வாங்கியிருந்தாராம். அந்த ஒரு விஷயத்தில் நான் அவரைத் தப்பாக நினைத்திருந்தேன்.

இரண்டாவது முறை போனபோது மகன் வரவில்லை. முன்னறையை முடித்துவிட்டுக் கடைசியாகப் பின்கதவுக்கு வந்தேன். மகள் உள்ளே வந்து நின்றார். துணியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், பிறகு அவரே கையை இழுத்துக்கொண்டார். "நீங்களே பண்ணிருங்க தங்கச்சி" என்றார். நனைத்த துணியை அந்த விரல்களின் மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் அவர் போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பயிற்சிக்காரர் எங்களுக்கு முன்சீட்டில் இருந்தார். வீட்டுக்குள் ஏன் வரவே மாட்டேன் என்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். வளைகுடாவில் ஒருமுறை தன்னோடு தங்கியிருந்த ஆளின் அறையையே சுத்தம் செய்ய வேண்டிவந்தது, அதற்குப் பிறகு உள்ளே கால் வைக்க முடிவதில்லை என்றார். எந்தத் தெரு என்று ஏன் கேட்டீர்கள் என்றேன். "நானும் அந்தத் தெருதாம்மா. நம்மாளுங்கதான் வருவாங்கன்னு தெரியும். எத்தனை பேருன்னு பாத்துக்கிட்டேன்" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. சில மாதங்களில் அவர் போன் எண் உபயோகத்தில் இல்லாமல் போனது. அந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது.

அக்காவும் நானும் தொழிலை ஆரம்பித்துவிட்டோம். பெயர்ப்பலகையில் வீடு சுத்தம் செய்யும் சேவை என்று மட்டும்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். சில நேரம் அந்த சப்-இன்ஸ்பெக்டரே யாரிடமாவது எங்கள் எண்ணைக் கொடுத்து அனுப்புகிறார். முதலில் போலீஸிடம் நேரில் பேசாமல் நாங்கள் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை.

போன பொங்கலுக்கு முன்னால் பெரியவரின் மகள் போன் செய்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, வாடகைக்கு ஆள் பார்க்கிறோம் என்றார். என் பிள்ளைகளை விசாரித்தார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது கேட்டார்.

"தங்கச்சி, அன்னிக்கு வேற எதாச்சும் பாத்தீங்களா? நான் தாங்கமாட்டேன்னு எங்கிட்ட சொல்லாம வுட்டது எதாச்சும்?"

ஒன்றுமே இல்லை என்றேன். அதுதான் உண்மை. நெசமாத்தானா என்று இன்னொரு தடவை கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் நம்பவில்லை.