பாஸ்கு நாளில் ஒருசந்தி

என் மாமியாரை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. நான் திண்டிவனத்துக்காரி, வாய் நீளம், வேலைக்கு வணங்காதவள் என்று சேரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். கோலியனூர் பக்கத்தில் எங்கள் சேரி. எல்லோரும் வேதக்காரர்கள், சேசுவைக் கும்பிடுகிறவர்கள். ஒருவருக்கும் கையளவு நிலம் கிடையாது.

யுத்த காலம். என் புருஷன் பட்டாளத்துக்குப் போய்விட்டான், தகவல் இல்லை. மழை பொய்த்தது. ஆண்டை வீட்டு வேலை நின்றது, கூலி நெல்லும் நின்றது. விழுப்புரம் கடைகளில் அரிசிக்கு அடிதடி. எனக்குக் கைக்குழந்தை, மார் வற்றிவிட்டது. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டுக் கத்துவான். பிறகு கத்தவும் பலமில்லாமல் கிடந்தான். செத்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தவசு காலம் வந்தது. சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் எங்கள் பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள். பகலில் ஒருவேளைதான் சாப்பாடு. மாமியார் காலையிலும் ராத்திரியிலும் தன் பங்குக் கேப்பைக் கூழை என் பக்கம் தள்ளினாள். மாடு மாதிரி தின்கிறாய், பாலைத்தான் காணோம் என்று ஒரு குத்தும் குத்துவாள். பகலில் மல்லாட்டைக் கடலை பொறுக்கப் போன கொல்லைக்காட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நம்பினேன். பக்தி முற்றிவிட்டது, நமக்கென்ன என்று குடித்தேன்.

மார் கொஞ்சம் நனைந்தது. பிள்ளை மறுபடியும் கத்தத் தொடங்கினான்.

பாஸ்கு அன்று பூசை முடிந்து கோயிலில் சோறு போட்டார்கள். மேல்சாதி வேதக்காரர்கள் தின்று முடித்த பிறகு எங்கள் பக்கம் பானை வந்தது. மாமியார் தன் இலையை என்னிடம் நீட்டி, தான் ஒருசந்தி என்றாள். வாய்ப் பழக்கம். செத்தவர் எழுந்த நாளில் எங்களில் ஒருவரும் பட்டினி கிடக்கக் கூடாது. கிடந்தால் பாவம்.

"பாஸ்கு அன்னிக்கி எவ ஒருசந்தி இருப்பா, அத்த?" என்று அவள் கையைப் பிடித்தேன். வெறும் எலும்பு. கொல்லைச் சாப்பாடும் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது.

"சேசு எழுந்துட்டாரு, அவருக்கு இன்னாடி. எம்புள்ள பெத்தது இன்னும் எழுந்துக்கலியே. துன்னு."

பாதியாவது நீ தின்னு, இல்லாவிட்டால் மண்ணில் கொட்டுவேன் என்று கத்தினேன்.

"கொட்டு. அப்பறம் நீயே போயி பொறுக்கித் துன்னுவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

தின்றேன்.

அதற்கப்புறம் அவள் படுத்தவள் எழவில்லை. கஞ்சி ஊற்றினால் வாந்தி. கோயில் சாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலம் பூசி, நாக்கில் நன்மை அப்பம் வைத்தார். அந்த ஓர் அப்பத்தைத்தான் அவள் எனக்குத் தராமல் விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

எல்லாம் தேவனுடைய கிருபை, நல்ல மரணம் என்றார் சாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிலுவையில ஒருத்தரு செத்தது பத்தலீங்களா சாமி?"

அவர் தைலச் சிமிழை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிணம் நடுவீட்டில் கிடந்தது. பிள்ளை கத்தினான். அவனுக்கு எந்தத் துக்கமும் தெரியாது. மூலையில் திரும்பி உட்கார்ந்து மார் கொடுத்தேன். பால் இருந்தது. அவள் பட்டினியைத்தான் அவன் குடிக்கிறான் என்று தெரிந்தே கொடுத்தேன். வேறு என்ன செய்ய.