விரிப்பில் வந்த ஊசி

தச்சநல்லூரில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடம் நான் கட்டியது. மூடிப்போன மில்லில் கிடந்த இயந்திரத்தை, இது ஓடாது என்று மெக்கானிக்குகள் கைவிட்ட பிறகு, ஓட வைத்தவன் நான். வண்டிகள், மாடி வீடு, மகளுக்கு டீச்சர் வேலை எல்லாம் அந்த இயந்திரம் சுற்றியதில் வந்தவை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்தவன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்தால் ஸ்பூன் வரும், மூக்குக்கண்ணாடி வரும், ஒரு தடவை பல்செட்டே வந்தது. ஊசியும் வரும். அன்று காலை துணி பிரிக்கிற பெண் ஒருத்தி கையை உதறினாள். கைக்குழந்தைக்காரி. விரிப்பின் மடிப்பில் ரத்தக்கறையோடு ஊசி நின்றது. அவள் விரலை வாயில் வைக்கப் போனாள்.

"வாயில வைக்காதம்மா!"

"கருவமுள்ளு இதைவிட ஆழமா ஏறும் அண்ணாச்சி. நீங்க எதுக்குப் பதறுதீய?"

பதறாமல் என்ன செய்வேன்? அதே இடத்தில் உட்கார்ந்து துணி பிரித்தவன் என் தம்பி. எத்தனையோ தடவை குத்து வாங்கியவன். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தான். ரத்தத்தில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி என்றார்கள். எந்த ஊசியில் ஏறியதோ, யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவச் சொல்லுங்க. விரலைப் பிதுக்க வேண்டாம். உடனே கூட்டிட்டு வாங்க. நாங்க வேலையில சேரும்போதே தடுப்பூசி போட்டுருவோம். உங்க ஆளுகளுக்குப் போட்டிருக்கா?"

அப்படி ஒரு தடுப்பூசி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் தியேட்டருக்கான பச்சைத் துணி ஏற்றிய வண்டி புறப்பட நின்றது. அதிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி மேனேஜர் வாசலிலேயே மறித்தார்.

"இந்தம்மா எங்க ஸ்டாஃப் இல்லையே. வெளிய எங்கயாவது பாத்துக்கிடுங்க."

"ஊசி உம்ம ஊசி, விரிப்பு உம்ம விரிப்பு. குத்து மட்டும் என் ஆளுக்கா வே?"

"அண்ணாச்சி, ரூல்னு ஒண்ணு இருக்குல்லா."

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு கட்டுத் துணி மட்டும் இறக்கிக் கொடுத்தேன். நோயாளியை வதைக்கிறவன் இல்லை நான். மிச்ச மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இவளுக்கு ஊசி போடாம ஒரு துணி இறங்காது."

"மிரட்டுதீரா?"

"ஆமாவே, மிரட்டத்தான் செய்யுதேன்."

வெயில் ஏறியது, நான் இறங்கவில்லை. துணி எங்கே என்று கேட்டு சர்ஜனே வெளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "முதல்ல இவங்களைப் பாருங்கய்யா" என்று மேனேஜரிடம் சத்தம் போட்டார்.

கைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. கிருமியை உடனே மறிக்க ஒன்று, பின்னாளைக்குக் காவலாக ஒன்று என்றார் டாக்டர்.

"ஒரு குத்துக்கு ரெண்டு குத்தா? நல்லா இருக்கே உங்க வைத்தியம்" என்று சிரித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்டு, தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அழுதாள்.

ஊசி ஏன் விரிப்பில் வருகிறது என்று தலைமை நர்ஸிடம் கேட்டேன்.

"டிரிப்ஸ் ஏத்தும்போது ரெண்டு கையும் மாட்டிக்கிடும் அண்ணாச்சி. உருவுன ஊசியை எங்கன வைக்க? மெத்தையில குத்திருவோம். அதுக்குள்ள அடுத்த கட்டில்ல கூப்பிடுவாங்க, மறந்துருவோம்."

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கழித்த ஊசியைப் போடுகிற டப்பா வார்டு மூலையில் கிடந்தது. என் வெல்டரைக் கூட்டிப்போய், நர்ஸ் தள்ளுகிற வண்டியிலேயே கைக்கு எட்டுகிற உயரத்தில் அதற்கொரு கொக்கி வைத்துக் கொடுத்தேன். என் ஆட்கள் எல்லோருக்கும் மூன்று தவணை தடுப்பூசியும் ஆஸ்பத்திரியே போட வேண்டும், இல்லையென்றால் துணி எடுக்க மாட்டேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் தவணைக்கு என் ஆட்களே டிமிக்கி கொடுத்தார்கள். "ஊசி போடாத கை இங்கன துணி தொடாது" என்று கதவில் நின்றேன்.

அவளுக்குக் கிருமி ஏறியதா என்று ரத்தத்தில் உறுதியாகத் தெரிய மாதங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை என் சாப்பாடு சரியில்லை. ஒரு நாள் ஓடி வந்து, "கிருமி இல்லையாம் அண்ணாச்சி" என்றாள். நான் மூட்டையை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி வாசலில், ஊழியர் பாதுகாப்புத் திட்டம் என்று பளிங்குப் பலகை வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு நன்றி, டாக்டர்களுக்கு நன்றி, நர்ஸ்களுக்கு நன்றி. இருக்கட்டும், அவர்களும் உழைத்தவர்கள்தான். ஆனால் வெயிலில் மூட்டை மேல் உட்கார்ந்தவன் யார்? கொக்கி வைத்தவன் யார்? பலகையில் கீழே இடம் இருக்கிறது, நானே பார்த்தேன். பலகை வைத்தவர்களே, அதில் என் பெயரை இனிஷியலோடு, தூரத்தில் நின்றாலும் தெரிகிற எழுத்தில் வெட்டுங்கள்.