கேதீஸ்வரி முகத்துக்கு ஏற்ற வெளிச்சம்

மட்டக்களப்புக் கல்லடியில் ஆட்டோவில் பேக்கரிப் பாண் விற்கும் விஜிதரனை ஊர் இன்னும் 'லைட் விஜி' என்றுதான் சொல்லும். பாணுக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. பழைய ஆட்களுக்குக் காரணம் தெரியும். பதினேழு வயதில் தொடங்கி ஏழெட்டு வருடம், கலியாண வீடுகளில் வீடியோக்காரனுக்குப் பின்னால் ஆயிரம் வாட்ஸ் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். அப்போதெல்லாம் பாதி ஊர்களில் கரண்ட் இல்லை. அந்த லைட்டைப் போட்டால் ஜெனரேட்டர் முனகும், மற்ற பல்ப் எல்லாம் மங்கும், மாப்பிள்ளையின் கழுத்தில் மாலை வாடும். சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கூசிக்கொண்டு லைட்டுக்கு முன்னால் வந்து வந்து நிற்பார்கள். அவன் தோளில் ஒரு பை தொங்கும். அதற்குள் வயர்ச் சுருளும் பவுடர் டின்னும் இருக்கும்.

அவன் வெளிச்சம் பிடித்த கலியாணங்களில் ஒன்று சித்தாண்டியில், அவனுடைய மாமி சீதேவிப்பிள்ளையின் வீட்டில், தொண்ணூற்றாறாம் ஆண்டு நடந்தது. சீதேவிப்பிள்ளை அவன் தகப்பனின் கூடப்பிறந்த தங்கச்சி. மாமியின் மூத்தவள் கேதீஸ்வரி என்றால் முறைக்கு மச்சாள். உரிமைப் பெண்தான். பெரியவர்கள் இரண்டொரு தரம் அதைப் பேசியும் இருக்கிறார்கள். ஆனால் லைட் பிடிக்கிறவனுக்குப் பெண் கேட்டு வர விஜிதரனின் தாய்க்கே வாய் வரவில்லை. கேதீஸ்வரிக்கு வேறு இடத்தில் முடிந்தது. விஜிதரன் பிறகு கதிரவெளியில் கட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறான். அதிலே ஒரு குறையும் இல்லை.

குறை அந்தக் கலியாண வீடியோ கேசட்டில்தான் இருந்தது. கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது கேதீஸ்வரிக்கு முகமே இல்லை. வெள்ளை மாவில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்த மாதிரி ஒரு பெண் மணவறையில் இருந்தாள். சீதேவிப்பிள்ளை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இரிக்காங்க, எண்ட புள்ளயத்தான் காணல்ல" என்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் மறந்திருப்பான். லைட்டைக் கிட்டப் பிடித்துவிட்டேன் என்று இருபத்தெட்டு வருடமாக அது அவன் மனதில் கிடந்தது. மாமியும் போய்விட்டாள். கேசட்டும் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது.

இப்போது கேதீஸ்வரி சித்தாண்டியில் பாலர் பாடசாலை ரீச்சர். தாய் கொடுத்த அதே வீட்டில்தான் இருக்கிறாள். போன வருடம் அவளே ஒரு கதை எழுதினாள். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு சோறு வடித்தபடி போனில் பேசுகிற ஒரு தாய், தன் வருத்தத்தை மறைத்து மறைத்துப் பேசுகிற கதை. பத்து நிமிஷப் படம். கத்தாரில் இருந்து லீவில் வந்திருந்த அவள் தம்பி மதுரனிடம் நல்ல போன் இருந்தது, அதில் எடுப்பதாகப் பேச்சு. தாயாக நடிப்பது கேதீஸ்வரி. லைட்டுக்கு வேறு யாரை நினைப்பது?

"ஜன்னல் வெளிச்சம் போதாதாகா?" என்று விஜிதரன் கேட்டான்.

"அது நாலு மணிக்கு ஒரு மாதிரி, அஞ்சு மணிக்கு ஒரு மாதிரி மச்சான். முதல் சோறு வெள்ளையா இரிக்கி, மறுகா பாத்தா மஞ்சளா இரிக்கி. ஒரே மாதிரி நிண்டு எரியிற லைட் வேணும். விலை கூடினதும் வேணா."

விஜிதரன் ஓம் என்றான். இந்த முறை மச்சாளின் முகம் முகமாக விழவேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஸ்டூடியோக்காரர்கள் ஒரு நாள் வாடகைக்குக் கேட்ட காசைக் கேட்டதும் அவன் காத்தான்குடிக்கு ஆட்டோவைத் திருப்பினான். அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கும் முத்தலிப், கலியாண நாட்களில் அவனுக்கு பல்ப் கொடுத்த கூட்டாளி.

"இருக்கிறதிலேயே வெளிச்சம் கூடினதாத் தா" என்றான் விஜிதரன்.

"யாரைப் படம் புடிக்கப் போறாய்?"

"மச்சாளை."

"மச்சாளையா? பொஞ்சாதிக்குத் தெரியுமாடா?"

"அவதான் காசு தந்து அனுப்பினவ."

"அப்ப மச்சாள் அழகில்ல எண்டு அவக்குத் தெரிஞ்சிரிக்கி" என்று சொல்லிவிட்டு முத்தலிப் மூன்று எல்ஈடி லைட்டுகளை மேசையில் வைத்தான். ஆகக் குறைந்த விலையானதை விஜிதரன் உடனே கையில் எடுத்தான். போட்டுப் பார்த்தபோது மூன்றிலும் அதுதான் கண்ணைக் குத்தியது.

"வை கீழ. போனை எடுத்துக் காட்டு அதுக்கு."

போன் கெமராவைத் திறந்து பிடித்தான். திரையில் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடின. வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உண்ட கண்ணுக்கு நிண்டு எரியும். கெமராவுக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியும். கோடு ஓடினா வாங்காத. உன்னைப் போல ஆக்கள்தான் வெளிச்சத்தைத் தராசில நிறுத்து வாங்குறவங்க." நடுவிலையானதைக் கொளுத்திக் காட்டினான். கோடு இல்லை. "இதில ரெண்டு எடு. ரெண்டும் ஒரே வெள்ளை. வீட்டு மஞ்சள் பல்பை அணைச்சிடு, இல்லாட்டி ஒரு கன்னம் ஒரு நிறம், மத்தக் கன்னம் வேற நிறமா வரும். முகத்தில நேரா அடியாத. வெள்ளை வேட்டியக் கட்டித் தொங்கவிட்டு அதுக்கு அங்கால வை. இது சுடாது, துணி எரியாது."

"சரியில்லாட்டி?"

"மாத்தித் தாறன். வெள்ளிக்கிழமை மட்டும் வராத, ஜும்மா, கடை பூட்டு."

படம் எடுக்க எல்லாருக்கும் நேரம் கிடைத்தது அந்த வெள்ளிக்கிழமைதான். அன்றிரவு மதுரன் விமானத்துக்குப் போகவேண்டும். பஸ் ஆறரைக்கு.

பாண் தட்டுகளுக்கு நடுவில் லைட்டுகளை அடுக்கிக்கொண்டு விஜிதரன் இரண்டு மணிக்குச் சித்தாண்டிக்கு வந்து சேர்ந்தான். குசினியில் மாமி புழங்கிய அதே அடுப்பு. வாசல் நிலையில் பிள்ளைகளின் உயரம் குறித்த கரிக்கோடுகள் தேய்ந்து கிடந்தன. அவனுடைய கோடும் அதிலே இருந்தது. வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டான், இரண்டு லைட்டையும் அதற்குப் பின்னால் வைத்தான், மஞ்சள் பல்பை அணைத்தான். எல்லாம் முத்தலிப் சொன்னபடி. பிறகு கேதீஸ்வரியைக் கூப்பிட்டு, "பவுடர் பூசினயாகா?" என்று கேட்டான். லைட்டுக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தினால் அவன் வாயில் முதலில் வருகிற சொல் அது.

"பூசினன்."

"காணாது. இன்னும் கொஞ்சம்."

மதுரன் போனில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மச்சான், அக்காவப் பாத்தா செத்த வீட்டுல கிடத்தி வெச்ச மாதிரி இரிக்கி."

உண்மைதான். சாம்பல் பூத்த முகம். விஜிதரன் லைட்டைப் பின்னுக்கு நகர்த்தினான். வேட்டியை இரண்டாக மடித்தான். ஒரு லைட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். சாம்பல் கூடியதே தவிரக் குறையவில்லை. மாற்றி எடுக்கலாமென்றால் வெள்ளிக்கிழமை காத்தான்குடிக் கடைகள் பூட்டு, ஏறாவூரும் பூட்டு. மட்டக்களப்பு டவுனுக்குப் போய்த் திரும்பினால் மதுரனின் பஸ் போய்விடும்.

"காசைப் பாத்து வாங்கினது பிழை" என்றான். "இன்னொருக்காவும் உன்னைக் கெடுத்துப்போட்டன் மச்சாள்."

"கெடுக்கிறதுக்கு என்ன மச்சான் கிடக்கு, அம்பது வயதில?" என்று கேட்டுக்கொண்டே கேதீஸ்வரி வேர்த்து வழிந்த முகத்தோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள். இரண்டு வாளி அள்ளி முகத்தில் ஊற்றும் சத்தம் குசினிவரை கேட்டது. அதற்குள் உலையில் இருந்த சோறு பொங்கி அடுப்பில் வடிந்தது. அவள் ஓடிவந்து, சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, மூடியைத் தூக்கிப் பானையைச் சரித்தாள். நடிக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. மதுரன் போனை அணைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "இஞ்ச வந்து பாருங்க."

திரையில் கேதீஸ்வரி இருந்தாள். தாய்வழியில் வந்த அந்தச் செம்மண் நிறம், மூக்கு ஓரத்து மடிப்பு, ஆவியில் சுருங்கிய கண். லைட் அப்படியே இருந்தது. வேட்டி அப்படியே இருந்தது. விஜிதரன் திரையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்று, பையில் இருந்த பவுடர் டின்னை எடுத்துத் தோழிப்பெண்ணின் கையில் கொடுத்தது அவன் கைதான். அந்த ஏழெட்டு வருடத்தில் எத்தனை பெண்கள். கதிரவெளியில், கல்லடியில், வாழைச்சேனையில், அக்கா முறை, தங்கச்சி முறை, சின்னம்மா முறை. அத்தனை பேரும் தங்கள் தங்கள் நிறத்தில் வந்திருக்க வேண்டியவர்கள்.

"மச்சாள், உண்ட கலியாணத்தில பவுடர் போடச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றாள் கேதீஸ்வரி, சோற்றைக் கிளறியபடி. "ரெண்டு தரம் சொன்னீங்க."

"ஏன் நீ சொல்லல்ல?"

"லைட்டுக்காரர் சொன்னா மணப்பொண்ணு மாட்டன் எண்டா சொல்லுவா?"

மதுரன் சிரித்துவிட்டான். விஜிதரனுக்குச் சிரிப்பு வர ஒரு நிமிஷம் பிந்தியது.

பிறகு எடுத்தார்கள். மகனோடு பேசும் இடத்தை ஏழு தரம் எடுத்தார்கள். ஜன்னலில் வெயில் சாய்ந்தது, ஆனாலும் முதல் தரத்தில் இருந்த முகம்தான் ஏழாவதிலும் இருந்தது. ஆறு மணிக்கு மதுரன் பெட்டியைத் தூக்குமுன் போனைத் தமக்கையிடம் நீட்டினான். கேதீஸ்வரி கைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போட்டாள்.

"கன்னத்துக் கறுப்புப் புள்ளி கூடத் தெரியுது" என்றாள்.

"அழிக்கலாம் அக்கா, போனிலயே செய்யலாம்."

"வேணா" என்றாள் அவள். "கிடக்கட்டும்." மூன்றாம் முறையும் போட்டாள். விஜிதரன் லைட்டை அணைக்கக் கையை நீட்டியவன், அவள் பார்த்து முடியட்டும் என்று அப்படியே நின்றான்.